கை தெரியாத சத்தம்

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் படிவம் படிக்கும் மருமகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து கிடந்தான். எப்போதோ நான் கொடுத்துவிட்டு மறந்துபோன ஓர் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. 1978இல் ஜெஃப் வேய்ன் என்ற இசையமைப்பாளர் வெளியிட்ட ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’. செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து இறங்கியவர்கள் இங்கிலாந்தைக் கொளுத்தும் கதை. ஹெச்.ஜி.வெல்ஸின் நாவல் புத்தகமாக வந்தது 1898இல். 80 வருடம் கழித்து அது இரட்டை இசைத்தட்டாக மாறியது.

“மாமா, இது என்னா இன்ஸ்ட்ருமெண்ட்?” என்று ஹெட்போனை என் பக்கம் நீட்டினான். ‘உல்லா…’ என்று எதுவோ ஓலமிட்டது. மனிதக் குரல் மாதிரியும் இருந்தது, மிருகத்தின் அழுகை மாதிரியும் இருந்தது. “மொதல்ல எனக்கு ‘உள்ள… உள்ள…’ன்னு யாரோ தமிழ்ல கூப்பிடற மாதிரி கேட்டுச்சு” என்றான்.

“கிட்டார்டா.”

“சும்மா சொல்லாதீங்க மாமா.”

அவன் நம்பவில்லை. கிட்டார் என்றால் அவனுக்கு நான் கல்யாண டின்னர்களில் தோளில் மாட்டிக்கொண்டு வாசிப்பதுதான். ‘டொய்ங்’ என்று தட்டினால் ‘டொய்ங்’ என்று கேட்கும், அவ்வளவுதான். அவனுக்கு அன்று பாதி ராத்திரிவரை விளக்கிச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இசை படித்திருக்க வேண்டியதில்லை. காது இருந்தால் போதும்.

முதலில் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பத்துப் பாட்டைச் சேர்த்துக் கட்டியது சாதாரண ஆல்பம். எல்லாப் பாட்டையும் ஒரே கதையோ ஒரே எண்ணமோ கோத்துப் பிடித்தால் அது கான்செப்ட் ஆல்பம். நமக்கு இது புதிதில்லை. வில்லுப்பாட்டில் ஒருவர் கதை சொல்வார், இடையில் பாட்டு வரும், பாட்டின் நடுவில் போர் வந்தால் குடமும் உடுக்கையும் போரைக் காட்டும். வேய்னின் ஆல்பத்தில் அந்தக் கதைசொல்லியின் இடத்தில் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் இருக்கிறார். குடத்துக்கும் உடுக்கைக்கும் பதில் கிட்டாரும், மின்சுற்றாலேயே ஓசையை உருவாக்கும் சிந்தசைசரும். ஆனால் வில்லுப்பாட்டுக்காரருக்கு இல்லாத ஒரு தொல்லை அறிவியல் புனைகதைக்காரருக்கு உண்டு. போர் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்பவருக்குத் தெரியும். செவ்வாய்க் கிரகத்துப் போர்க்கருவி எப்படிச் சத்தம் போடும் என்று யாருக்குத் தெரியும்? வெற்றிடத்தில் ஒலியே பரவாது. விண்வெளியில் எது வெடித்தாலும் வெளியே நிற்பவன் காதில் ஒன்றும் விழாது. ஆக, விண்வெளிச் சத்தம் என்று நாம் கேட்பதெல்லாம் யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டியது.

அப்படியிருந்தும் சில சத்தங்களைக் கேட்டவுடன் ‘இது நம்ம ஊர்ச் சத்தம் இல்லை’ என்று தோன்றுகிறதே, ஏன்?

என் பதில் இது. காது எப்போதும் சத்தத்துக்குப் பின்னாலிருக்கும் கையைத் தேடும். சட்டி விழுந்தால் சமையலறையில் யார் என்று தேடும். தபேலா கேட்டால் விரலைத் தேடும். தட்டுவது, இழுப்பது, ஊதுவது, உரசுவது என்று மனிதன் சத்தம் எழுப்பும் வழிகள் கொஞ்சம்தான், எல்லாம் காதுக்கு மனப்பாடம். எந்தக் கை, எப்படி என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்துவிட்டால் காது திணறுகிறது. அந்தத் திணறலைத்தான் நாம் ‘வேற்றுலகம்’ என்று உணர்கிறோம். கிட்டாரின் ஓசையை மாற்றும் எஃபெக்ட் பெட்டிகள் செய்வதில் பெரும்பகுதி அந்தக் கையை மறைக்கிற வேலை. சிந்தசைசரில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே கையே கிடையாது, ஒன்றைக் கொண்டுவந்து பொருத்த வேண்டியிருக்கிறது. ஒன்று மனிதனிலிருந்து விலகிப் போகிறது, மற்றது மனிதனை நோக்கி வருகிறது. இரண்டும் நடுவழியில் சந்திக்கிற இடத்தில் செவ்வாய்க் கிரகத்துக்காரன் நிற்கிறான்.

இதைச் சோதித்துக் காட்டியவர் பியேர் ஷாஃபர். பிரெஞ்சு வானொலியில் வேலை பார்த்தவர். 1948 வாக்கில், பதிவு செய்த மணியோசையில் ‘டங்’ என்று அடிபடும் முதல் நொடித்துணுக்கை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை ஓட்டிப் பார்த்தார். அது மணியாகவே கேட்கவில்லை, ஊதுகருவி போலக் கேட்டது. ஒரு வாத்தியத்தின் அடையாளம் பெரும்பாலும் அதன் தொடக்கத்தில்தான் இருக்கிறது. அந்தத் தொடக்கத்துக்கு ‘அட்டாக்’ என்று பெயர்.

இதைக் கிட்டாரில் செய்ய வெட்டுவதற்கு டேப் எதுவும் வேண்டாம். எலெக்ட்ரிக் கிட்டாரின் வால்யூம் குமிழைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத் தந்தியை மீட்டுங்கள். ஒன்றும் கேட்காது. தந்தி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே சுண்டுவிரலால் குமிழை மெல்லத் திறங்கள். மீட்டிய ‘டொய்ங்’ போய்விட்டது. எங்கிருந்தோ கசிந்து வருவதுபோல ஓசை பெருகுகிறது. வயலினா, ஆர்மோனியமா, குரலா என்று சட்டெனச் சொல்ல முடியாது. மருமகனிடம் இதைத்தான் முதலில் செய்து காட்டினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

அதே காரியத்தை வேறு விதமாகச் செய்வது ஈ-போ என்ற சின்னக் கருவி. 1976இல் கடைக்கு வந்தது. கையில் அடங்கும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். தந்திக்கு மேலே பிடித்தால் தொடாமலேயே காந்தப்புலத்தால் தந்தியை அதிரச் செய்துகொண்டே இருக்கும். மீட்டலும் இல்லை, தேய்ந்து அடங்குவதும் இல்லை. பிறகு கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டித் தந்திமேல் வழுக்குவது ஒன்று. கிட்டாரின் கட்டைகளுக்கு இடையே உள்ள சுரமெல்லாம் அப்போது வெளியே வரும். இன்னொன்று உரசல். தடித்த தந்திகளில், மீட்டப் பயன்படும் சின்னத் தகடான பிக்கின் விளிம்பை வைத்து நீளவாக்கில் இழுத்தால் ராக்கெட் கிளம்பும்.

உரசல் என்றதும் நினைவு வருகிறது. 1963இல் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரில் காலத்தில் பயணம் செய்யும் ஒரு நீலப் பெட்டி உண்டு. அது கிளம்பும்போது மூச்சு வாங்குவதுபோல ஒரு சத்தம் வரும். பிபிசியின் ஒலித்தயாரிப்புப் பிரிவான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் இருந்த பிரையன் ஹாட்சன் அதை எப்படிச் செய்தார் தெரியுமா? ஒரு பழைய பியானோவின் உள்ளே இருக்கும் தடித்த கம்பிமேல் வீட்டுச் சாவியை வைத்து இழுத்தார். அதைப் பதிவு செய்து, எதிரொலி சேர்த்து, திருப்பித் திருப்பி ஓட்டினார். காலத்தைக் கடக்கும் வாகனம் ஒரு வீட்டுச் சாவியில் இருந்தது!

அட்டாக்கை மறைத்தாயிற்று. அடுத்தது இடம். இதற்கு உங்களைப் பத்துமலைக்கு அழைத்துப் போகிறேன். தைப்பூசத்தன்று வேண்டாம், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள். 272 படி ஏறி, குரங்குகளிடம் வாழைப்பழத்தைப் பறிகொடுத்து, கோயில் குகைக்குள் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். உங்கள் கைதட்டல் ஒன்றுதான். ஆனால் பக்கச் சுவரில் பட்டது ஒன்று, எதிர்ச்சுவரில் பட்டது ஒன்று, சுமார் 100 மீட்டர் உயரக் கூரையில் பட்டது ஒன்று, சுவரில் பட்டு மறுசுவரில் பட்டது இன்னொன்று என்று ஆயிரக்கணக்கான பிரதிகள் வெவ்வேறு நேரத்தில் காதுக்குத் திரும்புகின்றன. எண்ண முடியாதபடி அவை ஒன்றோடொன்று குழைந்தால் அது ரிவெர்ப். தனித்தனியாக எண்ண முடிந்தால் எக்கோ. கிட்டார்க்காரர்கள் இரண்டாவதை ‘டிலே’ என்பார்கள்.

டிலே பெட்டியில் மில்லிசெகண்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அதை மீட்டராக மாற்றிப் பாருங்கள். ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 17 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப 34 மீட்டர், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆக டிலேயை 100இல் வைத்தால் உங்கள் எதிரே 17 மீட்டரில் ஒரு சுவர் எழுப்பிவிட்டீர்கள். 400இல் வைத்தால் சுவர் 68 மீட்டருக்குப் போய்விட்டது. குமிழைத் திருகுவது சுவரைத் தள்ளி வைப்பதுதான். வாசித்துக்கொண்டிருக்கும்போதே திருகினால் சுவரே நகர்கிறது. டேப்பில் பதிந்து எதிரொலி தரும் பழைய டேப் எக்கோவில் அப்படித் திருகும்போது டேப்பின் வேகம் மாறும், அதனால் எதிரொலியின் சுருதி சறுக்கிக்கொண்டு போகும். நம் பூமியில் சுவர் நகராது. காது அங்கே மறுபடியும் திணறுகிறது.

டேப் எக்கோக்களில் பேர் பெற்றது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1974இல் கொண்டுவந்த ஸ்பேஸ் எக்கோ ஆர்.இ.-201. பெயரிலேயே விண்வெளி இருக்கிறது. உள்ளே ஒரு டேப் வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு தலை பதியும், சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும் மூன்று தலைகள் அதை வாசிக்கும். வாசித்ததைத் திரும்பப் பதிவுத் தலைக்கே கொஞ்சம் அனுப்பினால் எதிரொலிக்கு எதிரொலி வரும். அனுப்புவதை அளவுக்கு மீறிக் கூட்டிவிட்டால் அணையவே அணையாது. தன்னைத்தானே தின்று பெருத்துக்கொண்டு போய் ஊளையிடும். இப்போதைய டிஜிட்டல் பெட்டிகளிலும் ‘ஃபீட்பேக்’ குமிழைக் கோடிவரை திருகினால் இது கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்துத் திருகுங்கள்.

ரிவெர்ப் பற்றி இன்னொரு விஷயம். கோலாலம்பூரில் சாயங்கால மழைக்கு முன் இடி இடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். கிட்டத்தில் விழுந்த இடி ‘படார்’ என்று வெடிக்கும். காஜாங் பக்கம் விழுந்தது வெறுமனே ‘கும்ம்ம்’ என்று உருளும். தூரம் கூடக்கூடக் கூர்மையான மேல் ஓசைகளைக் காற்று தின்றுவிடுகிறது, கனமான கீழ் ஓசைதான் வந்து சேர்கிறது. அதனால் ஒரு சத்தத்தைத் தூரத்தில் வைக்க வேண்டுமென்றால் ஒலியளவைக் குறைப்பது மட்டும் போதாது, ட்ரெபிளையும், அதாவது அந்த மேல் ஓசைகளையும், வெட்ட வேண்டும். பிரம்மாண்டமான கப்பல் ஒன்று அடிவானத்தில் நகர்கிறது என்று ஆல்பத்தில் காட்ட விரும்புபவர் பண்ணுவது இதைத்தான்.

பெட்டிகளை அடுக்கும் வரிசையில் ஆரம்பத்தில் நானும் சறுக்கினேன். டிஸ்டார்ஷன், அதாவது கிட்டாரின் ஓசையைக் கருக வறுக்கிற பெட்டி, முதலில் வர வேண்டும். டிலேயும் ரிவெர்பும் பின்னால். வறுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றலாம், தண்ணீர் ஊற்றிவிட்டு வறுக்க முடியாது. மாற்றி அடுக்கினால் எதிரொலியெல்லாம் சேர்ந்து கருகிச் சேறாகிவிடும். சிலர் அந்தச் சேற்றுக்காகவே மாற்றி அடுக்குவார்கள் என்பது வேறு கதை. பெரும்பாலான கிட்டார் பெட்டிகள் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை மைனஸாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய மாற்று முனை அடாப்டரைச் செருகி என் முதல் டிலே பெட்டியை நானே கொன்றேன். அதிலிருந்து வந்த கடைசி எஃபெக்ட் கொஞ்சம் புகை.

இனி சிந்தசைசர். அதற்கு முன்னோடி தெரமின். 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் தெரமின் கண்டுபிடித்தது. அதை யாரும் தொடுவதில்லை. ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் காற்றில் கையை அசைத்தால் சுருதி ஏறி இறங்கும். கையே படாத வாத்தியம்! 1950களின் ஹாலிவுட் பறக்கும் தட்டுப் படங்கள் இதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் என்ன? 1964இல் ராபர்ட் மூக் அமெரிக்காவில் தன் சிந்தசைசரைக் காட்டினார். அது ஓர் அலமாரி அளவு இருந்தது. 1970இல் வந்த மினிமூக்கைத்தான் மேடைக்குத் தூக்கிப் போக முடிந்தது. (அவர் பெயரை எழுதும்போதெல்லாம் தமிழ் வாசகர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.)

உள்ளே என்ன நடக்கிறது? உங்கள் வாயிலேயே செய்து பாருங்கள். ஒரே சுருதியில் ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். தொண்டை ஒரு அலையை உற்பத்தி செய்கிறது. சிந்தசைசரில் அந்த வேலையைச் செய்வது ஆஸிலேட்டர். இப்போது சுருதியை மாற்றாமல் வாயை மட்டும் மாற்றி ‘ஊ… ஓ… ஆ… ஈ…’ என்று போங்கள். தொண்டையில் மாற்றமில்லை, ஆனால் ஓசையின் நிறம் மாறுகிறது. வாய்க்குழி சில மேல் ஓசைகளை விடுகிறது, சிலவற்றை அமுக்குகிறது. அதுதான் ஃபில்டர். கோப்பித்தூளைத் துணிப்பையில் வடிகட்டுவது மாதிரி, ஆஸிலேட்டர் எல்லாவற்றையும் கொட்டும், எது கீழே இறங்க வேண்டும் என்பதைப் பை தீர்மானிக்கும். ஃபில்டரை மெதுவாகத் திறந்தால் இருட்டிலிருந்து வெளிச்சம் வருவதுபோல ஓசை மலரும். தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியே நூலைச் செருகியதும் அது ‘ஞொய்ங்’ என்று மினுங்குமே, அந்த மினுக்கத்துக்கு இது தூரத்துச் சொந்தம்.

இந்த இடத்தில் ‘உல்லா’வுக்குத் திரும்பலாம். அந்த ஓலத்துக்குப் பயன்பட்டது டாக் பாக்ஸ். கிட்டாரின் ஓசையை ஒரு சின்ன ஒலிபெருக்கி வழியாகப் பிளாஸ்டிக் குழாயில் செலுத்துவார்கள், குழாயின் மறுமுனை வாசிப்பவரின் வாயில். அவர் குரல் கொடுப்பதில்லை, வாயை மட்டும் ‘உ’ என்றும் ‘ஆ’ என்றும் அமைக்கிறார். தொண்டைக்குப் பதில் கிட்டார் தந்தி, ஃபில்டருக்குப் பதில் மனித வாய். வெளியே வருவதை மைக் பிடித்துக்கொள்கிறது. அது கிட்டாரும் இல்லை, குரலும் இல்லை. இதில் எனக்குப் பிடித்தது வெல்ஸ் நாவலிலேயே இதற்கு வழி வைத்திருந்தார் என்பதுதான். ஆள் நடமாட்டமற்ற லண்டனில் சாகக் கிடக்கும் செவ்வாய்க்கிரகத்தவன் இரண்டு சுரங்களுக்கிடையே மாறி மாறி விசும்புவதாக அவர் எழுதியிருக்கிறார். சிந்தசைசரில் ஒரு பட்டனை அழுத்தி விநோத ஓசை ஏதாவது போட்டிருந்தால் பயம் வந்திருக்கும், விசும்பல் வந்திருக்காது. வாய் என்று ஒன்று இருப்பதால்தான் கொளுத்த வந்தவன்மேலேயே கடைசியில் பரிதாபம் வருகிறது.

ஆஸிலேட்டர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓசை எழுப்பினால் அது அந்தக் காலத்தில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பு முடிந்த பிறகு வந்த ‘பீ’ மாதிரி செத்துக் கிடக்கும். அதற்கு உயிர் கொடுக்க வழி உண்டு. இரண்டு ஆஸிலேட்டர்களை எடுத்து, ஒன்றை 440 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 440 அதிர்வு) மற்றதை 441இலும் வையுங்கள். நொடிக்கு ஒருமுறை ஓசை மெல்லப் பெருகி அடங்கும். கோயிலில் இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து ஊதும்போது ஒரு கனமான அலை வருவது இதனால்தான். அவை இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால் அந்தக் கனம் வராது. அடுத்தது எல்.எஃப்.ஓ., அதாவது காதுக்கே கேட்காத அளவு மெதுவாக ஆடும் ஒரு அலை. அதைச் சுருதியோடு கோத்தால் குரல் நடுங்கும், ஃபில்டரோடு கோத்தால் மூச்சு விடும். நாலு நொடிக்கு ஒருமுறை என்று வைத்துப் பாருங்கள், தூங்கும் பிராணி ஒன்று அறைக்குள் இருப்பதுபோல இருக்கும்.

அட்டாக்கையும் அடக்கத்தையும் தீர்மானிக்கும் பகுதிக்கு என்வெலப் என்று பெயர். கிட்டாரில் சுண்டுவிரலால் நாம் செய்த வேலையை இங்கே ஒரு குமிழ் செய்கிறது. மூன்று நொடி கழித்துத்தான் முழு ஓசை வர வேண்டும் என்று வைத்துவிட்டால், விசையை அழுத்திய கை எங்கே என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி மெல்ல எழுந்து மெல்ல அடங்கும், விரிப்புபோலப் பின்னால் கிடக்கும் ஓசையைத்தான் ‘பேட்’ என்கிறார்கள். காற்று வேண்டுமா? எல்லா அலைவெண்ணும் கலந்த ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சலை ஃபில்டரில் விட்டு மேலும் கீழும் ஆட்டினால் செவ்வாய்ப் பாலைவனத்தில் புழுதிக்காற்று அடிக்கும். பழைய படங்களில் கணினி ‘பிப்-பொப்-பூப்’ என்று யோசிக்கும் சத்தம் வேண்டுமா? சேம்பிள் அண்ட் ஹோல்ட் என்ற சுற்று, தாளத்துக்குத் தாளம் குருட்டாம்போக்கில் ஒரு எண்ணை எடுத்துச் சுருதியாக்கும். நம் ஊர் நம்பர் குலுக்கல் மாதிரிதான், ஆனால் நொடிக்கு எட்டுத் தடவை.

இதிலெல்லாம் எனக்கு அதிகம் பிடித்தது க்ளைட். ஒரு விசையிலிருந்து இன்னொரு விசைக்குத் தாவாமல், இடைப்பட்ட சுருதியெல்லாம் தொட்டு வழுக்கிக்கொண்டு போவது. இதைச் சொன்னதும் மருமகன், “உருமி மாதிரியா மாமா?” என்றான். என் காதில் இத்தனை வருடம் விழாத ஒன்று அவனுக்கு விழுந்திருக்கிறது. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் போகும் உருமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி உரசும்போது ‘உம்ம்ம்’ என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் எழும். அது தட்டல் இல்லை, ஊதல் இல்லை. எங்கே தொடங்கியது என்றும் தெரியாது. அதைக் கேட்டுத்தானே சாமி வருகிறது? காதுக்குப் பழக்கப்பட்ட கையிலிருந்து சத்தத்தைப் பிரிக்கும் வித்தை சிந்தசைசர் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே நம் ஆட்களிடம் இருந்திருக்கிறது. பத்துமலைக் குகையும் உருமியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவன் கேட்டான். யாராவது ஒரு விண்வெளி ஆல்பத்துக்கு அதைச் செய்ய மாட்டார்களா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

சத்தங்கள் தயார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை ஆல்பத்தில் எப்படி உட்கார வைப்பது? புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். செய்த விநோதத்தையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிவிடுவார்கள். கதைசொல்லியின் குரல் அதில் மூழ்கிப் போகும். தொலைபேசி எவ்வளவு ஓசையைக் கடத்துகிறது என்று பாருங்கள். பழைய தொலைபேசிக்கு 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 வரைதான். அதற்குள்ளேயே பேச்சு புரிந்துவிடுகிறது. அப்படியானால் கதைசொல்லி பேசும்போது அந்தப் பகுதியில் பேட் ஓசையைத் தாழ்த்திவிட்டு, அதற்குக் கீழே ஒரு முழக்கத்தையும் மேலே ஒரு மினுக்கத்தையும் வைத்தால் போதும். பேச்சும் கேட்கும், உலகமும் அந்நியமாக இருக்கும்.

இன்னொன்று, சத்தத்துக்கு ஒரு வேடம் கொடுப்பது. ஒரு சத்தம் முதன்முறை வரும்போது அது வெறும் விநோதம். ஆயுதம் தோன்றும்போதெல்லாம் அதே சத்தம் வந்தால், மூன்றாவது முறை ஆயுதத்தின் பெயரைச் சொல்லவே வேண்டாம், கேட்பவருக்கு உடம்பு சிலிர்த்துவிடும். ‘உல்லா’வும் அப்படித்தான். முதலில் கேட்கும்போது அது வெற்றி முழக்கம், கடைசியில் அதே ஓசை மரண ஓலம். பெட்டி அதே பெட்டிதான். கதை நகர்ந்ததால் அர்த்தம் நகர்ந்துவிட்டது. இசைத்துணுக்காகத் தனியே எடுத்துக் கேட்பவருக்கு இது கிடைக்காது. கான்செப்ட் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்கச் சொல்வது ஆச்சாரத்துக்காக இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும் என்றால் சிந்தசைசர் வாங்க ஓடாதீர்கள். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் லேசர் துப்பாக்கிச் சத்தத்துக்காக ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் செய்தது, ஒரு வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவு செய்தது. நீளமான கம்பியில் கூரிய ஓசை முந்திக்கொண்டு ஓடும், தடித்த ஓசை பின்தங்கி வரும். அதனால் ஒரே தட்டு ‘பியூவ்வ்’ என்று மேலிருந்து கீழே வழிகிறது. குழந்தைகள் படியில் இறங்க விடும் ஸ்லிங்கி சுருளின் ஒரு முனையை ஒரு காகிதக் கோப்பையின் அடியில் ஒட்டி, கோப்பையைக் காதில் வைத்து, தொங்கும் சுருளைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். அப்படியே அந்தத் துப்பாக்கிதான்.

கைத்தொலைபேசியில் ஒரு சத்தத்தைப் பதிவு செய்து பாதி வேகத்தில் ஓட்டுவதும் அப்படித்தான். சுருதியைப் பிடித்து வைக்காத ஆப்பாக இருந்தால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும், நேரம் இரண்டு மடங்காகும். சின்னப் பொருள் பெரிய பொருளாகிவிடும். கொசு ஹெலிகாப்டர் ஆகும்.

இதைக் கேட்ட மறுநாளே மருமகன் மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கிக் கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டியில் ஏறியிருக்கிறான். அந்த ரயில் நேரியல் மோட்டாரில் ஓடுவது. கிளம்பும்போது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அலைவெண்ணை ஏற்றிக்கொண்டே போவார்கள், காதில் அது ‘ஊஊஈஈ’ என்று சுருதி ஏறுவதாகக் கேட்கும். தினமும் பல ஆயிரம் பேர் கேட்டுவிட்டு மறந்துபோகிற சத்தம். அதைப் பதிவு செய்து, பாதி வேகமாக்கி, முதல் ஒரு நொடியை வெட்டி, ட்ரெபிளைக் குறைத்து, பெரிய குகை ரிவெர்ப் ஒன்றைப் போட்டிருந்தான். எல்லாம் இலவச ஆப்பில். எனக்கு அனுப்புவதற்கு முன் ஹாலிலிருந்த ஒலிபெருக்கியில் முழுச் சத்தத்தில் ஓட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான்.

“ம்மா, இது என்னா சத்தம் சொல்லுங்க.”

அக்கா பதிலே சொல்லவில்லையாம். அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு, நேரே பின்கட்டுக்குப் போய், ஓடாமல் கிடந்த வாஷிங் மெஷினின் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாளாம்.